சாமந்திக்குத் தேவைப்பட்ட இருட்டு

ஒரே தாய்ச்செடியின் வேர்க்கன்றுகளைப் பிரித்து, ஒரே நாளில், ஒரே பாத்தியில் நட்ட சாமந்திகள் அவை. தண்ணீரும் எருவும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பகல் குறையத் தொடங்கியதும் வரிசையின் ஒரு பாதி மொட்டு வைத்தது. மறு பாதி வைக்கவில்லை. வைக்காத செடிகள் நோஞ்சானாக இருந்திருந்தால் காரணம் தேடுவது சுலபம். ஆனால் அவைதான் உயரமாக, பச்சைப்பசேலென்று, ஒரு பழுத்த இலைகூட இல்லாமல் நின்றன. இந்தப் பக்கம் மஞ்சள் விரிந்து, தேனீ வந்து, முதல் பூக்கள் வாடவும் ஆரம்பித்துவிட்டன. அந்தப் பக்கம் இலைக்கு மேல் இலை வந்துகொண்டே இருந்தது. பல வாரம் இது என்னை அரித்தது. தோட்டம் என்று இருந்தால் பூக்காத செடிகளும் இருக்கும், அதற்கு மனசு பழகிவிடும். ஒரு வரிசையின் நடுவில் இவ்வளவு துல்லியமாக ஓர் எல்லை விழுந்திருப்பதற்குத்தான் பழக முடியவில்லை.

இந்தப் பருவத்துப் பூக்கள் மீது எனக்குக் கொஞ்சம் கூடுதலான பற்று உண்டு. தோட்டம் என்றாலே எல்லோரும் வசந்தத்தைப் பேசுகிறார்கள். இலையுதிர் காலத்தில் பூப்பவற்றை ஏதோ மிச்சம் மீதி என்று நினைக்கும் பழக்கம் தோட்டக்காரர்களிடமே இருக்கிறது. எனக்கு அது ஒப்புதலில்லை. வெயில் காலத்தில் விரியும் பூ காலையில் ஒரு முகமும் மதியம் ஒரு முகமுமாக இருந்து மறுநாளே சோர்ந்துவிடுகிறது. பகல் குறையும் மாதங்களில் விரியும் சாமந்தி செடியிலேயே வாரக்கணக்கில் நிற்கும். குளிர்ச்சியில் பூவின் மூச்சு நிதானப்படுகிறது, சேமித்த சர்க்கரை மெதுவாகத்தான் செலவாகிறது. நிறமும் அப்படித்தான். சிவப்பு, ஊதா, இளஞ்சிவப்புக்கெல்லாம் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமி குளிர்ந்த இரவுகளில் அதிகமாகச் சேரும், வெப்பத்தில் குறையும். ஒரே ரகச் செம்பழுப்புச் சாமந்தி வெக்கையான நாட்களில் விரிந்தால் சோகையாகவும், இரவு குளிர்ந்த பின் விரிந்தால் ஆழமாகவும் இருப்பது இதனால்தான். பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டிய பூக்கள் இவை. தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும்.

சாமந்தியில் நாம் ஒரு பூ என்று சொல்வது ஒரு பூ அல்ல என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். ஓரத்தில் நாக்கு நீட்டி நிற்பவை ஒவ்வொன்றும் தனிப் பூ, நடுவில் நெருக்கமாக இருக்கும் சிறு குழல்களும் தனித்தனிப் பூக்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கி வட்டம் வட்டமாக இவை விரிகின்றன. நடுவட்டம் திறந்திருக்கும் ஒற்றை ரகச் சாமந்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் தினமும் அதே பூவையே பாருங்கள். மகரந்தம் இருக்கும் வளையம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உள்ளே நகர்ந்திருக்கும். தேனீயும் நேராக அந்த வளையத்துக்குத்தான் வரும், ஓரத்தில் நேரத்தை வீணாக்காது. இதைக் கவனிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு அடுக்குச் சாமந்திகளில் ஆர்வம் போய்விட்டது. அவற்றில் நடுக் குழல்கள் எல்லாம் இதழாக மாறிவிட்டதால் தேனீக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. பார்க்க நிறைவாக இருக்கும், பக்கத்தில் நின்றால் சத்தமே இருக்காது.

## கோடு எங்கே விழுந்தது

சரி, அந்தப் பாதி வரிசைக்கு வருகிறேன். முதலில் மண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். பூக்காத பக்கத்தில் தழைச்சத்து அதிகமாகிப்போனால் செடி இலையிலேயே நின்றுவிடும் என்று தோட்டக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான், உண்மையும்கூட. ஆனால் எரு எல்லாவற்றையும் ஒரே குவியலிலிருந்து அள்ளிப் போட்டிருந்தேன். அசுவினி இல்லை, சிலந்திப்பேன் இல்லை. இரண்டு பக்கமும் நுனி கிள்ளியது ஒரே நேரத்தில். பகல் வெயில் இரண்டு பாதிக்கும் சமம். இதை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்த்தேன். காலையிலிருந்து மாலைவரை நிழல் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று குறித்து வைத்ததில் பூக்காத பாதிக்கு வெயில் கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது.

விடை பகலில் கிடைக்கவே இல்லை. ஒரு நாள் இரவு துணி எடுக்க மறந்து, எல்லோரும் தூங்கிய பிறகு வெளியே போனேன். கையில் விளக்கு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. பாத்தியைத் தாண்டும்போது என் நிழலே தரையில் விழுந்தது. நிலா இல்லாத இரவு அது. நின்று பார்த்தால், பக்கத்து வீட்டு மாடிப்படியில் புதிதாக மாட்டிய எல்இடி விளக்கின் வெளிச்சம் சுவருக்கு மேலே வந்து எங்கள் பாத்தியில் இறங்கியிருந்தது. எங்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழல் அந்த வெளிச்சத்தைக் குறுக்கே வெட்டியது. நிழலுக்குள் இருந்த செடிகள் பூத்தவை. வெளிச்சத்தில் இருந்தவை பூக்காதவை. நடுவில் ஒரு செடி பாதி நிழலிலும் பாதி வெளிச்சத்திலும் நின்றது. மறுநாள் காலையில் போய் அதை மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். நிழல் பக்கக் கிளைகளில் மொட்டு இருந்தது. வெளிச்சப் பக்கக் கிளைகளில் இல்லை. ஒரே வேர், ஒரே தண்டு, இரண்டு பதில்கள். தோட்டத்தில் எனக்குக் கிடைத்த எந்தப் பூவையும்விட அந்தச் செடி என்னை அதிகமாகக் கட்டிப்போட்டது.

## இலை எதை அளக்கிறது

செடி நாளின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறது என்பது மனிதர்களுக்குத் தெளிவானதே ஒரு நூற்றாண்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான். அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்னர், அல்லார்ட் என்ற இருவருக்கும் ஒரு புகையிலை பிடிவாதம் காட்டியது. மேரிலாண்ட் மம்மத் என்று அதற்குப் பெயர். மற்றப் புகையிலை எல்லாம் பூத்து விதை வைக்கும் கோடையில் இது மட்டும் பூக்காமல் ஆளை மிஞ்சி உயர்ந்துகொண்டே போனது. அதையே கண்ணாடிக் கூடத்தில் குளிர்காலத்தில் வளர்த்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்தது. அவர்களிடம் ஒரு சோயா மொச்சை ரகமும் இருந்தது. அதை வாரக்கணக்கில் இடைவெளி விட்டு விதைத்தாலும், முன்னால் விதைத்ததும் பின்னால் விதைத்ததும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பூத்தன. வெப்பமா, ஈரமா, சத்தா, வெளிச்சத்தின் அளவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துவிட்டு, கடைசியில் 1918 கோடையில் செடிகளைத் தொட்டியோடு மாலையில் ஓர் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, பகலைச் செயற்கையாகக் குறைத்தார்கள். கோடையிலேயே பூத்தது. 1920ல் இதை வெளியிட்டார்கள். இன்று கடையில் வருடம் முழுக்கச் சாமந்தி கிடைப்பதற்கு அந்த இருட்டுக் கொட்டகைதான் ஆரம்பம்.

அப்போது பகல் குறைவதுதான் காரணம் என்று நினைத்தார்கள். அதைத் திருப்பிப் போட்டவர்கள் 1938ல் ஹாம்னர், பானர் என்ற இரண்டு பேர். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி மருளூமத்தை. தரிசில் தானாக முளைத்து, துணியில் ஒட்டிக்கொள்ளும் முள்காய் காய்க்குமே, அதுதான். பகலின் நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கிப் பார்த்தார்கள், செடி பொருட்படுத்தவில்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் வெளிச்சம் காட்டினார்கள், பூக்கவே இல்லை. செடிக்கு முக்கியம் பகல் எவ்வளவு சிறியது என்பது அல்ல. இரவு எவ்வளவு நேரம் முறியாமல் நீண்டது என்பதுதான். மருளூமத்தைக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இருட்டு, அதுவும் ஒரே ஓர் இரவு கிடைத்தால் போதும். சாமந்திக்கு அது போதாது. பகல் சுமார் பதினான்கரை மணி நேரத்துக்குக் கீழே வந்தால் மொட்டு தொடங்கும், ஆனால் அந்த நீண்ட இரவுகள் இடைவிடாமல் வாரக்கணக்கில் வந்தால்தான் மொட்டு பூவாகும். ரகத்தைப் பொறுத்து எட்டு முதல் பத்து வாரம் என்பது வழக்கமான கணக்கு. நடுவில் இரவு கெட்டால், தொடங்கிய மொட்டு அப்படியே நின்றுவிடும்.

சாமந்தியையே வைத்து 1930களில் சோவியத் தாவர ஆய்வாளர் சைலாக்யான் செய்த சோதனைதான் எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது. அவர் செடியின் மேல்பாதியில் இலைகளை எல்லாம் கிள்ளி எடுத்துவிட்டார். கீழ்ப்பாதியில் இலைகள் இருந்தன. இலை உள்ள பகுதிக்கு நீண்ட இரவையும், இலை இல்லாத நுனிக்கு நீண்ட பகலையும் கொடுத்தார். செடி பூத்தது. மாற்றிக் கொடுத்தபோது பூக்கவில்லை. மொட்டு வருவது நுனியில், ஆனால் இரவை அளப்பது இலை. இலையில் உண்டாகும் ஏதோ ஒன்று தண்டு வழியாக நுனிக்குப் போய்ச் சேதி சொல்கிறது என்று அவர் முடிவுக்கு வந்து, அதற்கு ஃப்ளோரிஜன் என்று பெயரும் வைத்தார். அந்தப் பொருள் இன்னதுதான் என்று உறுதியாகத் தெரிய 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஃப்டி என்ற ஒரு சிறு புரதம் அது. 2013ல் இன்னொன்றும் தெரிந்தது: சாமந்தி இலை, இரவு போதாதபோது 'பூக்காதே' என்று சொல்லும் எதிர்ப்புரதம் ஒன்றையும் செய்கிறது. என் பாத்தியில் பாதி நிழலில் நின்ற செடியை இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நிழல் பக்கத்து இலைகள் ஒன்றைச் சொல்ல, வெளிச்சப் பக்கத்து இலைகள் மறுத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கிளையும் தனக்கு அருகிலிருந்த இலைகளைக் கேட்டிருக்கிறது.

வெளிச்சத்தை இலை உணர்வது பைட்டோகுரோம் என்ற நிறமியால். அதைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில், 1950களில். சிவப்பு ஒளி பட்டால் அந்த நிறமி ஒரு வடிவத்துக்கு மாறும், கண்ணுக்கு அரைகுறையாகவே தெரியும் தொலைச்சிவப்பு பட்டால் திரும்பிவிடும். இருட்டிலும் அது மெல்ல மாறும். இரவில் கொஞ்சம் சிவப்பு கலந்த வெளிச்சம் விழுந்தால் போதும், அதுவரை இருந்த இருட்டு கணக்கில் இல்லாமல் போய்விடும். வெள்ளை எல்இடியில் அந்தச் சிவப்பும் இருக்கிறது. சாமந்தியைப் பூக்கவிடாமல் வளர்க்க நினைக்கும் பண்ணைகளில் நள்ளிரவில் கொஞ்ச நேரம் சுமார் நூறு லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போடுவது வழக்கம். முழுநிலாவின் வெளிச்சம் அரை லக்ஸ்கூட வராது, அதனால் பௌர்ணமியால் சாமந்தி ஏமாறுவதில்லை. மாடிப்படி விளக்கு அப்படியில்லை. பண்ணைக்காரர்கள் காசு கொடுத்துச் செய்வதை அது இரவு முழுக்கச் சும்மா செய்துகொண்டிருந்தது.

## அந்த வீட்டு அக்கா

விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவர்கள் வீட்டு விளக்கு, அவர்கள் கரண்டு. நான் போய், பூக்கவில்லை என்று சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். ஒரு காலையில் அந்த அக்கா படியில் உட்கார்ந்திருந்தபோது பூத்த கிளை ஒன்றையும் பூக்காத கிளை ஒன்றையும் உடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, ரெண்டும் ஒரே செடி. இது உங்க லைட் படாத பக்கம், இது படுற பக்கம்."

இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராத்திரியில லைட் எரிஞ்சா பூக்காதா? அதுக்குமா தூக்கம் வேணும்?"

"தூக்கம் மாதிரிதான்க்கா. இருட்டு இவ்ளோ நேரம் இருந்துச்சுன்னு அது கணக்கு வச்சுக்குது. நடுவுல வெளிச்சம் வந்தா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அதுக்குன்னு அணைக்க முடியாதும்மா. அப்பா ராத்திரி மூணு தரம் கீழ இறங்குவார். போன தடவை கால் இடறிட்டாரு. அதுக்குத்தான் இவ்ளோ பெரிசா மாட்டினது."

எனக்கு மேலே பேச ஒன்றுமில்லை. அந்தப் பெரியவர் படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு வரிசைச் சாமந்திக்காக அந்தப் படியை யார் இருட்டாக்குவார்கள்? சரிக்கா என்று சொல்லித் திரும்பினேன். அக்காதான் பின்னாலிருந்து கேட்டார், விளக்கு படிக்கு மட்டும் அடிக்கிற மாதிரி பண்ண முடியாதா என்று. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. எரியட்டுமா, அணையட்டுமா என்று மட்டுமே யோசித்திருந்தேன். வெளிச்சம் யாருக்கு வேண்டுமோ அங்கே போகவும், வேண்டாத இடத்துக்கு வராமல் இருக்கவும் முடியும் என்பதைத் தோட்டத்தில் ஆர்வமே இல்லாத ஒருவர்தான் சொன்னார். எலக்ட்ரீஷியன் வந்து விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி, சுவர்ப் பக்கமாக ஒரு தகடு மடித்து மாட்டினார். அன்று இரவு படி முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. கண்ணில் அடிக்காததால் அப்பாவுக்கு இப்போதுதான் படியே தெரிகிறது என்று அக்கா சொன்னார். எங்கள் பாத்தி கறுத்துவிட்டது.

சில வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் அந்தப் பாதிச் செடிகளின் நுனியில் இலைகள் சிறுத்து நெருங்கின. அவற்றின் நடுவில் மிளகு அளவில் பச்சையாக ஏதோ தெரிந்தது. முதல் பாதி முழுதும் பூத்து முடிகிற நேரத்தில் இரண்டாம் பாதி விரிய ஆரம்பித்தது. குளிர் கூடிய பிறகு விரிந்ததால் நிறமும் ஆழம். திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு நீண்ட சாமந்திப் பருவம் எனக்குக் கிடைத்திருக்காது.

## எல்லாப் பூவும் இரவைக் கேட்பதில்லை

இதற்குப் பிறகு தோட்டத்தில் இந்தப் பருவத்தில் பூக்கும் ஒவ்வொன்றையும், இது எதைப் பார்த்துப் பூக்கிறது என்ற கேள்வியோடுதான் பார்க்கிறேன். பாயின்செட்டியா சாமந்தியைவிடக் கறார். இரண்டு மாதத்துக்குத் தினமும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உடையாத இருட்டு இருந்தால்தான் மேலிலைகள் சிவக்கும். வரவேற்பறையில் வைத்து, 'ஏன் சிவக்கவில்லை' என்று கேட்பவர்களுக்குப் பதில் அந்த அறையின் விளக்குதான். காஸ்மோஸும் துலுக்கச் சாமந்தியும் இவ்வளவு கண்டிப்பில்லை. நீண்ட பகலிலும் பூக்கும், இரவு நீண்டால் சீக்கிரமாகவும் நிறையவும் பூக்கும். டேலியா மண்ணுக்கு மேலே பூத்துக்கொண்டிருக்கும்போதே, இரவு நீள்வதைப் பார்த்து மண்ணுக்குக் கீழே கிழங்கைப் பருக்கவைக்கத் தொடங்கிவிடும். பூவை ரசிக்கும்போது அடியில் அடுத்த வருடத்து வேலை நடக்கிறது என்ற நினைப்பே எனக்கு ஒரு சந்தோஷம்.

இரவைக் கண்டுகொள்ளாதவையும் உண்டு. குங்குமப்பூ அப்படி ஒன்று. அது கோடை வெப்பத்திலேயே கிழங்குக்குள் பூவை உருவாக்கி வைத்துக்கொண்டு, மண் குளிர்வதற்காகக் காத்திருக்கும். குளிர்ந்ததும் சட்டென்று தரையைத் துளைத்துக்கொண்டு ஊதாவாக வெளியே வரும். ஒரு கிராம் உலர்ந்த குங்குமப்பூவுக்குச் சுமார் நூற்றைம்பது பூ வேண்டும். அந்தச் செடியோ விதையே வைக்காது, மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட மலட்டுச் செடி. கிழங்கைப் பிரித்து நட்டவர்களின் கைகளாலேயே இத்தனை காலம் வந்திருக்கிறது. குளிர்நாட்டுத் தோட்டங்களில் கொல்சிகம் இருக்கிறது. இலை ஒன்றுகூட இல்லாமல் வெறும் தரையிலிருந்து பூ மட்டும் வரும். இலையும் காயும் அடுத்த வசந்தத்தில்தான். அதன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் காந்தள். மழையில் கிழங்கிலிருந்து கிளம்பி, இலை நுனியையே சுருட்டிக் கம்பியைப் பிடித்து ஏறி, மழைக்காலம் முடியும் நேரத்தில் பூக்கிறது. அடியில் மஞ்சள் பச்சையாக இருக்கும் இதழ் நாளாக ஆகச் சிவந்துகொண்டே போகும். இரண்டிலும் கொல்சிசின் என்ற ஒரே நஞ்சு இருக்கிறது. ஒரு மூட்டு நோய்க்கு மருந்தும் அதுவே. காந்தளை வீட்டில் வைப்பவர்கள் கிழங்கைக் குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் நட வேண்டும். இதை ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, அதன் கிழங்கு உயிரை எடுக்கக்கூடியது.

டிசம்பர் பூவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மணம் இல்லை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. மற்றவையெல்லாம் அடங்கிய பிறகு ஒரு முழு வேலியும் ஊதாவாக நிற்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பூக்கும் பருவத்தில் காலையில் சீக்கிரம் போய்ப் பார்த்தால், வயிற்றில் நீல வரி ஓடும் தேனீக்கள் சில, வாயால் ஒரு காய்ந்த குச்சியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு தூங்குவதைப் பார்க்கலாம். ஆண் தேனீக்கள் அவை, கூடு கிடையாது. ஒரே குச்சியில் வரிசையாகப் பிடித்திருக்கும். உடம்பு சூடாகும்வரை பறக்க முடியாது, அதனால் முகத்தருகே போய்ப் பார்க்கலாம். வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பக்கத்தில் இருக்கும் பூக்களிலேயே காலை உணவை முடித்துக்கொள்ளும். காய்ந்த குச்சிகளை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்கிற ஆசையை இந்த ஒரு காட்சிக்காகவே விட்டுவிட்டேன். இலையுதிர் காலத் தோட்டத்தை அவசரப்பட்டுத் துடைத்துப் பெருக்குவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. குளிர்நாடுகளில் ஐவியும் ஆஸ்டரும் கடைசித் தேனைக் கொடுப்பதும் இந்த மாதங்களில்தான். அங்கே குளிர்காலத்தைத் தாண்டப்போகும் தேனீக்கள் வளர்வதும் இப்போதுதான்.

## எங்கே நின்று பார்ப்பது

இந்தப் பருவத்தில் சூரியன் தாழ்ந்து போகிறது. மாலை வெயில் மேலிருந்து கொட்டாமல் பக்கத்திலிருந்து வருகிறது. பூவுக்கும் சூரியனுக்கும் நடுவில் நீங்கள் நிற்காமல், பூவை நடுவில் விட்டு மறுபக்கம் நின்றால் ஒளி இதழைத் துளைத்து வரும். காஸ்மோஸின் மெல்லிய இதழில் நரம்பு நரம்பாகத் தெரியும். இதற்காகவே காஸ்மோஸை உட்காரும் இடத்துக்கும் சூரியன் இறங்கும் திசைக்கும் நடுவில் விதைக்கிறேன். சாமந்தியை அப்படி வைப்பதில் பயனில்லை, அதன் இதழ் கனமானது. அது வாசலுக்குப் பக்கத்தில், குனிந்தால் முகத்தில் படும் உயரத்தில் இருக்க வேண்டும். இலையைக் கசக்கினால் வரும் அந்தக் கசப்பு மணம் பூவைவிட எனக்கு முக்கியம். வேண்டிய அளவு கிளை வேண்டுமென்றால் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள், ஆனால் பூ எதிர்பார்க்கும் நேரத்துக்கு மூன்று மாதம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கிள்ளினால் கிள்ளுவது மொட்டையே.

இரவில் தோட்டத்துக்கு விளக்கில்லாமல் போகும் பழக்கமும் வந்துவிட்டது. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தைப் பொறுத்துக்கொண்டால் வெள்ளைப் பூக்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். பவழமல்லி இந்த நேரத்துக்கான மரம். அந்தியில் விரிகிறது, விடியும்போது உதிர்கிறது, அதன் பகல் முழுவதும் இரவில்தான் கழிகிறது. விட்டில்களுக்காகத்தான் அந்த வெள்ளையும் மணமும். எங்கள் வீட்டில் இன்னும் பவழமல்லி இல்லை. ஒரு கன்று தொட்டியில் தயாராக இருக்கிறது, அதை எங்கே நடுவது என்பதில்தான் குழப்பம்.

தகடு மாட்டிய பிறகு பாத்தி இருட்டாகிவிட்டாலும், தோட்டத்தின் இன்னொரு மூலையில் தெருவிளக்கு நேராக இறங்குகிறது. அதற்குத் தகடு மாட்ட என்னால் முடியாது. அந்த மூலையில் இரவைக் கணக்கில் எடுக்காத செடிகளை வைத்துவிட்டேன்: ரோஜா, நந்தியாவட்டை. அவை கவலைப்படவில்லை. பவழமல்லிக்கு நல்ல வெயிலும் வேர் ஓட இடமும் உள்ள ஒரே இடமும் அந்த மூலைதான். வெளிச்சத்தில் அது பூக்காமல் போகுமா என்பது எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. விட்டில் வருமா என்பதுதான். 2017ல் சுவிட்சர்லாந்தில் இருட்டான புல்வெளிகளில் விளக்கு வைத்துப் பார்த்ததில், பூக்களுக்கு இரவில் வரும் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்தது. யாரும் வராத பவழமல்லியை நட எனக்கு மனம் வரவில்லை. சாமந்திப் பாத்தியை அந்த மூலைக்கு மாற்றவும் முடியாது, அதற்குத்தான் இருட்டு வேண்டும். பாத்தியின் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, பவழமல்லி பெரிதானால் சாமந்திக்குப் பகல் வெயிலை மறைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வருடா வருடம் கவாத்து செய்து கட்டுக்குள் வைத்தால் இரண்டும் பிழைக்கலாம். கன்றைத் தொட்டியோடு தூக்கிப் போய் இப்போதைக்கு அங்கே வைத்திருக்கிறேன்; குழி இன்னும் வெட்டவில்லை.